முட்டிவலிக்குக் கிரேக்கத்தில் மருந்து இல்லை

பண்டைய கிரேக்க அரசியல் தத்துவமும் ஒரு தொழில்தான்: சம்பளம் உண்டு, அடையாள அட்டை உண்டு, முதுகுவலி உண்டு, என்ன வேலை பார்க்கிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லத்தான் வழி கிடையாது.

கல்வெட்டு, பூச்சியியல், பழைய நாணயம் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்காத ஏதோ ஒன்றைப் படித்துத் தொலைத்துவிட்டு, கல்யாணப் பந்தியில் முதல் கவளத்தை வாயில் வைக்கும் நேரம் பார்த்து "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கப்பட்டு விழிபிதுங்கும் சக துன்பவாசிகளே, இது உங்களுக்காக. புதுச்சேரி ஊருக்குள் இந்தத் தொழில் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். என்னைச் சேர்த்தால் ஒருத்தி. சங்கம் வைத்தால் தலைவியும் நானே, எதிர்க்கட்சியும் நானே.

டாக்டரம்மா

எனக்கு முனைவர் பட்டம் கிடைத்த அன்று அத்தாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெரிய மார்க்கெட் பக்கத்தில் அவருக்குக் குடைக்கடை. குடை வாங்க வந்தவர், கம்பி மாற்ற வந்தவர், மழைக்குச் சும்மா ஒதுங்கியவர் எல்லோரிடமும் தன் மகள் ஜமீலா கிரேக்கத்தில் டாக்டர் ஆகிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கடை காதர் மாமாவுடையது. நாட்டு மருந்து விற்பவர். அவர் விஷயம் தெரிந்தவர் என்பதுதான் வினையாகப் போயிற்று. யுனானி வைத்தியம் என்பதில் யுனானி என்ற சொல்லுக்கே கிரேக்கம் என்றுதான் பொருள் என்று அவர் எல்லோருக்கும் விளக்கினார். அது உண்மையும்கூட. அரபிகள் கிரேக்கர்களுக்கு வைத்த பெயர் அது. ஆக, ஒரே வாரத்தில் குடைக்கடை பாய் மகள் யுனானி டாக்டர் ஆகிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மூன்று பேர். ஒருவருக்கு விடாத இருமல். ஒருவருக்குப் பேரன் சதைபிடிக்க லேகியம் வேண்டும். மூன்றாவது, பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்கா. கூடையை இறக்கி வைத்துவிட்டு, நான் பேச ஆரம்பிக்கும் முன்பே புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கி முட்டியைக் காட்டிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன்: நான் படித்தது மருந்து இல்லை, இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஊரை எப்படி ஆளவேண்டும் என்று கிரேக்க நாட்டில் சிலர் யோசித்து எழுதிவைத்தார்கள், அதைப் படித்தேன். அக்கா புடவையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஊர எப்படி ஆளணும்னா படிச்ச? அப்ப முட்டிய வுடு. எங்க தெருவுக்கு நாலு நாளா தண்ணி வரல, அத இன்னான்னு பாரு."

எட்டுப் பக்கங்கள்

இது பட்டம் வாங்குவதற்கு முன்னால் நடந்தது. கிரேக்கம் எனக்கு நேர்வழியில் வரவில்லை. பிரெஞ்சு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. பள்ளியில் பிரெஞ்சு படித்த தைரியத்தில், நூலகத்தில் கிடந்த ஒரு பழைய கிரேக்க இலக்கணத்தை எடுத்துவந்து நானாகவே படித்தேன். நடுவில் எட்டுப் பக்கங்கள் இல்லை. இல்லாத பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? தாண்டிப் போய்விட்டேன்.

கிரேக்கத்தில் வினைச்சொல்லுக்கு மூன்று முகம். "முடி வெட்டினான்" என்பது ஒன்று. "முடி வெட்டப்பட்டது" என்பது இன்னொன்று. "முடி வெட்டிக்கொண்டான்" என்று தனக்காகத் தான் செய்துகொள்வது மூன்றாவது. அந்த மூன்றாவது முகம்தான் அந்த எட்டுப் பக்கத்தில் இருந்திருக்கிறது. எழுத்தில் அது இரண்டாவதைப் போலவே இருக்கும். கேடு என்னவென்றால், ஆலோசிப்பது, குடிமகனாக நடந்துகொள்வது போன்ற என் துறையின் உயிரான சொற்கள் எல்லாம் அந்த மூன்றாவது வகை. நான் எல்லாவற்றையும் இரண்டாவதாகப் படித்து, ஏதென்ஸ் மக்களைப் போலச் சாதுவான ஜனங்கள் உலகத்திலேயே கிடையாது, எல்லாம் அவர்களுக்கு யாராலோ செய்யப்பட்டது, அவர்களாக ஒரு துரும்பையும் அசைக்கவில்லை என்று எழுபது பக்கத்துக்கு ஓர் அத்தியாயம் எழுதி அனுப்பினேன். சென்னையில் இருந்த என் நெறியாளர், இதுவரை உலகத்தில் யாருக்கும் தோன்றாத கருத்து என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டு நாள் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நெறியாளரே போனில் விளக்கி உண்மை தெரிந்ததும் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். அன்பளிப்பாகக் கொடுத்தவர் பெயர் இருந்தது. மதாம் ஒதில், பழைய பிரெஞ்சு ஆசிரியை, கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. போய் மணியடித்தேன். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். உதட்டுச்சாயம் போட்டுக்கொண்டுதான் கதவையே திறந்தார். காபியும் பிஸ்கட்டும் கொடுத்து, புத்தகத்தை வாங்கிப் புரட்டி, பக்கங்கள் விட்டுப்போன இடத்தைத் தடவிப் பார்த்தார். எலி கடித்ததா, கரையான் அரித்ததா என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்:

"நான்தான் கிழிச்சேன். அந்த எட்டுப் பக்கத்தாலதான் எக்சாமேன்ல ஃபெயிலானேன். எனக்கப்புறம் படிக்கிறவங்களாவது நிம்மதியா இருக்கட்டுமேன்னு ஒரு நல்லெண்ணம்."

ஆறிப்போன டீ

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் பலர், படிப்பு என்ன என்று கேட்டதோடு சமோசாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அம்மா ஒரு கட்டத்தில் 'வரலாறு' என்று சொல்லச் சொன்னார்கள். பிறகு 'டீச்சர்' என்றால் போதும் என்றார்கள். கடைசியில், நான் வாயே திறக்க வேண்டாம் என்று முடிவானது.

அப்படி வாய் திறக்கக் கூடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்வர் வந்தார். சேதராப்பட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான மூடிகளைத் திருகித் திருகிப் பார்ப்பவர், அதனால் பொறுமைசாலியாகத்தான் இருப்பார் என்று அத்தா கணக்குப் போட்டிருந்தார். எங்களை முன்னறையில் தனியாக உட்கார வைத்தார்கள். அவர் ரொம்ப மரியாதையாக, "நீங்க என்ன படிச்சீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அம்மா போட்ட அணை உடைந்தது. விவரம் தெரிந்த ஒருத்தர் ஆள்வது நல்லதா, ஒன்றும் தெரியாத எல்லோரும் சேர்ந்து ஆள்வது நல்லதா என்று தொடங்கினேன். ஏதென்ஸில் போர் வந்தது, கொள்ளைநோய் வந்தது, முப்பது பேர் ஆட்சியைப் பிடித்தார்கள், மக்கள் திருப்பிப் பிடித்தார்கள், ஒரு கிழவருக்கு நஞ்சு கொடுத்தார்கள். நஞ்சு கொடுத்து முடித்தபோதுதான், உள்ளே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தேன். அம்மா முகத்தில் ரத்தம் இல்லை.

திரும்பும் வழியில் அவருடைய அம்மா, அந்தப் பெண் அப்படி என்னதான் பேசினாள் என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்ன பதிலைக் கல்யாணத்துக்குப் பிறகு மாமியார்தான் என்னிடம் சொன்னார்கள்:

"பாதிக்கு மேல எனக்குப் புரியலம்மா. ஆனா கையில இருந்த டீ ஆறிப்போனதே தெரியல."

நாடு கடத்தல்

நான் சேர்ந்த கல்லூரியில் என் தாள் விருப்பப்பாடம். ஐந்து பேராவது சேர்ந்தால்தான் நடத்தலாம். முதல் வருஷம் சரியாக ஐந்து பேர். அதில் ஒருவன், செந்தில், கவுன்சிலர் ஆகும் ஆசையில் 'அரசியல்' என்ற சொல்லை மட்டும் பார்த்துச் சேர்ந்தவன். தேர்தலில் ஜெயிப்பது எத்தனையாவது பாடத்தில் வருகிறது என்று வாரம் ஒருமுறை கேட்பான். அவன் போய்விட்டால் தாளும் போய்விடும் என்பதால், வரும், வரும் என்று மூன்று மாதம் ஓட்டினேன்.

ஏதென்ஸில் ஒரு வினோத வழக்கம் இருந்தது. வருஷத்தில் ஒருநாள் மக்கள் கூடி, உடைந்த பானை ஓட்டில் ஆளுக்கொரு பெயரைக் கீறிப் போடுவார்கள். அதிகமாக வந்த பெயருக்குரியவர் பத்து வருஷம் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். குற்றம் சாட்ட வேண்டியதில்லை, விசாரணை இல்லை, சொத்தும் பறிபோகாது. ஒரே ஆளுக்கு ஊரில் செல்வாக்கு அளவுக்கு மீறிப் போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இதைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டலாம் என்று, வீட்டில் இருந்த ஒரு மண்பானையை உடைத்து, ஓடுகளைப் பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஆளுக்கொரு ஓடு, ஆளுக்கொரு ஆணி. எனக்குள் ஒரே குதூகலம். செந்திலுக்கு மூன்று ஓட்டாவது விழும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

எண்ணினோம். ஐந்து ஓட்டிலும் என் பெயர். செந்தில் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தான். வருஷம் முழுக்க அவன் செய்த ஒரே பிழையற்ற எழுத்துவேலை அதுதான். நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த பிரியா, பதில் தெரிந்த பிள்ளைகளுக்கே உரிய நிதானத்தோடு எழுந்து நின்றாள்:

"தப்பு செஞ்சவங்கள அனுப்பக் கூடாது, செல்வாக்கு அதிகமா இருக்கிறவங்களத்தான் அனுப்பணும்னு நீங்கதான மேடம் சொன்னீங்க. இந்த ரூம்ல வேற யாருக்கு இருக்கு?"

பொதுப் பிள்ளைகள்

கிரேக்கத்திலிருந்து நேராகத் தமிழில் ஒரு பெரிய அரசியல் நூலை மொழிபெயர்க்க எனக்கு நான்கு வருஷம் ஆனது. கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்தவர் சாந்தி; பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடையில் டிடிபி வேலை. திருமணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, நடுவில் என் நூல். முதல் வாரமே கண்ணீர் அஞ்சலிக்குப் போடும் கருப்புக் கரை என் மூன்றாம் அத்தியாயத்தைச் சுற்றி வந்துவிட்டது. பொருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் எடுக்கச் சொன்னேன்.

சாந்தி சும்மா தட்டச்சு செய்பவர் இல்லை; படித்துக்கொண்டே தட்டச்சு செய்பவர். பக்க ஓரத்தில் பென்சிலில் குறிப்பெழுதி அனுப்புவார். ஊரை ஆள்பவர்கள் மக்கள் நன்மைக்காகப் பொய் சொல்லலாம் என்ற இடத்தில், நான் தவறாக எழுதிவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு ஒரு கேள்விக்குறி. ஆள்பவர்களுக்குச் சொந்த வீடே இருக்கக் கூடாது என்ற இடத்தில் இரண்டு டிக். என் நூலுக்கு இதுவரை எழுதப்பட்ட மதிப்புரைகள் இரண்டு; இரண்டும் அந்தப் பென்சில் குறிப்புகளின் கால்தூசுக்குப் பெறாது. அப்புறம் அந்தப் பிரசித்தி பெற்ற பகுதி வந்தது: ஊரை ஆளும் காவலர் வகுப்பில் பிறக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் பொது, எந்தப் பிள்ளை யாருடையது என்று பெற்றவர்களுக்கே தெரியக் கூடாது. இதைப் பற்றி உலகம் முழுக்க அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். சாந்திக்கு இரண்டு பிள்ளைகள், மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும். இந்த இடத்தில் மட்டும் பென்சில் போதாமல் போன் செய்துவிட்டார்.

"எல்லாருக்கும் பொதுப் பிள்ளைன்றது நல்லாத்தான் இருக்குது மேடம். ஹோம்வொர்க்க யாரு பாக்குறது, அத மட்டும் எங்கயாச்சும் எழுதியிருக்காரா?"

சீட்டு

லாஸ்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் பதினாறு வீடு. செயலாளர் பதவிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி, இன்னொருவர் ஓய்வுபெறப்போகும் அதிகாரி. தண்ணீர் மோட்டார் யார் சொல்லும் நேரத்துக்கு ஓடுவது என்ற சண்டையில் அது ஒருவர் சொன்ன நேரத்துக்கும் ஓடாமல், மூன்றாவது மாடியில் எல்லோரும் குடத்தோடு படியேறிக்கொண்டிருந்தோம். ஞாயிறு காலைக் கூட்டத்தில் என் தொழில் வாய்க்கு வந்துவிட்டது. ஏதென்ஸில் பெரும்பாலான பதவிகளுக்குத் தேர்தலே கிடையாது, சீட்டுக் குலுக்கித்தான் போட்டார்கள் என்றேன். உடனே ஒருவர், அது நம்ம குடவோலைதானே, எதற்கு கிரேக்கம் வரைக்கும் போக வேண்டும் என்றார். எல்லோருக்கும் பெருமை பொங்கி, தீர்மானம் நிறைவேறிவிட்டது.

சீட்டு எழுதும்போது பார்த்தால் பதினாறும் ஆண்கள் பெயர். ஏதென்ஸ்காரர்களும் இந்தத் தப்பைத்தான் செய்தார்கள், பெண்களைச் சேர்க்கவே இல்லை, அதற்காக அவர்களை இருபது வருஷமாக வகுப்பில் திட்டிக்கொண்டிருக்கிறேன், என் சொந்த மாடிப்படியிலும் அதே கதையா என்று ஒரு பிடி பிடித்தேன். அன்வர்தான் முதலில் எழுந்துபோய் வெள்ளைத் தாளை வாங்கி மறுபடி கிழிக்க ஆரம்பித்தார். பெரியவர்கள் எல்லோர் பெயரும் போட்டு, எவர்சில்வர் தூக்கில் குலுக்கினோம்.

வந்த பெயர் கன்னியம்மா. இரண்டாவது மாடியில் மகன் வீட்டில் இருப்பவர். எந்தக் கூட்டத்திலும் அவர் குரலை யாரும் கேட்டது கிடையாது; முறுக்குத் தட்டை நீட்டும்போதுகூடப் பேச மாட்டார். இரண்டு அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான். எனக்கோ வேறு கவலை. தோற்றுப்போனால் கன்னியம்மாவை மட்டுமில்லை, ஒரு நாகரிகத்தையே பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் திங்கட்கிழமை காலை மோட்டார் அறைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது: எந்த வீட்டுக்கு எந்த நேரம், யார் போடுவது, யார் நிறுத்துவது, ஆள் வராவிட்டால் மாற்று ஆள் யார், எல்லாம் கட்டம் போட்டு. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் குடமும் பரணுக்குப் போய்விட்டது. எப்படி முடிந்தது என்று படியில் நிறுத்திக் கேட்டேன். மூடிப்போன மில்லில் அவர் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

"மில்லுல முந்நூறு பொம்பளைங்களுக்கு ஷிப்டு போட்டவ நானு. இங்க இருக்கிறது பதினாறு வீடு. இதுக்குப் போயி ஒரு கூட்டமா?"

ஒரே ஒரு சொல்

கோரிமேட்டிலிருந்து ஒருநாள் மதியம் போன் வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒரு கிரேக்கப் பெரியவர். சுற்றுலாக் கூட்டத்தோடு வந்தவர், படியில் உருண்டு காலை முறித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கிரேக்கம் தவிர வேறு எதுவும் தெரியாது. வழிகாட்டி பாஸ்போர்ட் எடுக்க விடுதிக்குப் போயிருக்கிறார், போனை எடுக்கவில்லை. போன் மொழிபெயர்ப்பைக் காட்டினால், விழுந்ததில் கண்ணாடி உடைந்துபோய் அவரால் படிக்க முடியவில்லை. பேசச் சொன்னால், வார்டு இரைச்சலில் போன் ஏதேதோ உளறுகிறது. எந்த மருந்தாவது அவருக்கு ஒத்துக்கொள்ளாதா என்று தெரியாமல் ஊசி போட டாக்டர் தயங்குகிறார். கிரேக்கத்தில் டாக்டர் ஒருவர் ஊரில் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் உயிருள்ள கிரேக்கர். பஸ்ஸில் போகும்போதே வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். கட்டிலருகே நின்று, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, "மனிதரே, எவ்விடத்தில் துன்புறுகிறீர்?" என்று என் மிகச் சுத்தமான பழைய கிரேக்கத்தில், பிரெஞ்சு உச்சரிப்போடு கேட்டேன். பெரியவர் கண்ணை அகல விரித்தார். பேருந்து நிலையத்தில் ஓர் ஆட்டோக்காரரிடம் போய்ச் சங்கத்தமிழில் வழி கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கால் வலிக்கிறது, சிரிப்பும் நிற்கவில்லை. வலியில் முனகுவதும் சிரிப்பதுமாக அவர் கட்டிலே ஆடியது. இன்னும் இரண்டு வாக்கியம் முயன்றேன். சிரிப்புத்தான் கூடியது. முப்பது வருஷப் படிப்பு அந்தக் கட்டிலின் ஓரத்தில் என்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்தேன். காது சுட்டது.

அப்போது ஒரு சொல் ஞாபகம் வந்தது. பழைய கிரேக்கத்தில் 'ஃபார்மகோன்' என்றால் மருந்து, நஞ்சும் அதுதான். இலக்கணத்தை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு, "ஃபார்மகோன்?" என்று மட்டும் கேட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் தள்ளி, சாவதுபோல நடித்துக் காட்டினேன். பெரியவர் சிரிப்பை நிறுத்தினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெனிகிலினி, பெனிகிலினி" என்று இரண்டு தடவை சொன்னார். டாக்டருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தட்டில் தயாராக வைத்திருந்த ஊசியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். வராந்தாவில் நான் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் படித்ததில் ஒரே ஒரு சொல்தான் உதவியது என்று பக்கத்தில் இருந்த நர்சிடம் சொன்னேன். அவர் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"எங்க சர்வீசும் அப்படித்தான் மேடம். எப்பவாச்சும் ஒரு ஊசி உயிரைக் காப்பாத்தும். மிச்சமெல்லாம் வைட்டமின்."

சனிக்கிழமை பத்து மணி

போன வருஷம் என் தாளில் சேர்ந்தது மூன்றே பேர். கல்லூரி முதல்வர் நல்ல மனிதர். வருத்தத்தோடுதான் விதியைக் காட்டினார். தாளை எடுத்துவிடுவார்கள், எனக்கு நேர்முகத் தேர்வில் எப்படிக் கைகுலுக்குவது என்ற வகுப்பைத் தருவார்கள். சொல்ல வெட்கம்தான்: வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்வர் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே வந்ததும், கல்லூரிப் பிள்ளைகள் மட்டும்தான் அதைப் படிக்க வேண்டுமா என்று கேட்டார்.

மறுநாள் முதல்வரிடம் போய், ஊர்மக்கள் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கும்படி சனிக்கிழமை வகுப்பாக நடத்துகிறேன் என்றேன். பத்துப் பேர் வந்தால் பார்க்கலாம் என்றார். நானும் அன்வரும் பேக்கரி, சலூன், ரேஷன் கடை, ஆட்டோ நிறுத்தம் என்று ஒட்டிக்கொண்டே போனோம். நோட்டீஸில் இவ்வளவுதான்: 'ஒரு ஊரை யார் ஆளவேண்டும்? சனிக்கிழமை காலை பத்து மணி. தகுதி: சொந்தமாக ஒரு கருத்து.' அந்தச் சனிக்கிழமை ஒன்பதரைக்கே போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவர் வந்தார். பிறகு இரண்டு கன்னியாஸ்திரிகள். அழகுநிலையம் வைத்திருக்கும் ரோஸ்லின், இரண்டு ஆட்டோக்காரர்கள், கல்லூரியின் மூன்று பிள்ளைகள், யார் யாரோ. பத்தேகாலுக்கு நாற்காலி தீர்ந்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தொரு பேர்.

ஆள்வது என்பது கப்பல் ஓட்டுவது மாதிரி தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலையா என்ற கேள்வியை மட்டும்தான் நான் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எனக்குப் பேச வாய்ப்பே இல்லை. தெரியாதவன் கம்பத்தில் ஏறினால் ஊருக்கே கரண்ட் போகும் என்றார் லைன்மேன். ஸ்டியரிங் டிரைவர் கையில் இருக்கலாம், எங்கே போவது என்பதைச் சவாரிதான் சொல்ல வேண்டும் என்றார் ஆட்டோக்காரர். சவாரிக்கு வழி தெரியாவிட்டால் என்று கன்னியாஸ்திரி மடக்கினார். ரோஸ்லின் எழுந்து, கத்தரிக்கோல் என் கையில், தலை அவர்களுடையது, நன்றாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்ல வேண்டியது யார் என்று கேட்டார். எனக்குப் புல்லரித்துவிட்டது. என் கிரேக்கர்களில் ஒருவர் ஒரு முழுப் பகுதி எழுதி வந்துசேர்ந்த இடத்துக்கு அவர் ஒரு சீப்போடு வந்துவிட்டார். சத்தம் தாங்காமல் மாடியில் கணக்குத் துறையிலிருந்து புகார் வந்தது. முதல்வர் நேரில் இறங்கிவந்து, கதவோரம் நின்று கேட்டு, நாலாவது நிமிஷத்தில் அவரும் கையைத் தூக்கிவிட்டார். தாள் பிழைத்தது. அறையைப் பூட்ட வந்த அட்டெண்டர் வேலு, நாற்காலிகள் கிடந்த கோலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"அடுத்த வாரத்துக்குப் பெரிய ரூமா போடட்டுமா மேடம், இல்ல சண்டைய கொஞ்சம் சின்னதா வச்சுப்பீங்களா?"

ஊரை யார் ஆளவேண்டும் என்ற கேள்விக்கு இரண்டாயிரத்து நானூறு வருஷமாக விடை கிடைக்காததுதான் என் வேலைக்கு இருக்கும் ஒரே உத்தரவாதம் என்பதால், அன்பு கூர்ந்து உங்களில் யாரும் அதைக் கண்டுபிடித்துவிட வேண்டாம்.